மதுரைக்குத் தனித் தொழில்நுட்பப் பல்கலை: மறுபடி தொடங்கினால் எதிலிருந்து தொடங்குவது?

#1 நாகமலை

தேர்தல் நெருங்கினால் "மதுரைக்குத் தனியாக ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்" என்ற கோரிக்கை தானாக முளைக்கும். கேட்கிறவர்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இங்கே இருந்தது என்பதே ஞாபகமில்லை. விவாதம் தடம் மாறாமல் இருக்க வரிசையை மட்டும் வைத்துவிடுகிறேன்.

1978 செப்டம்பர் 4-ல் கிண்டி பொறியியல் கல்லூரி, அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி நான்கையும் சேர்த்துச் சென்னையில் அண்ணா பல்கலை உண்டானது. அப்போது அது வெளியூர்க் கல்லூரிகளுக்கு இணைவு (அஃபிலியேஷன்) தரவில்லை. 2001-ல் சட்டத் திருத்தம் வந்தபின்தான் மாநிலத்தின் பொறியியல் கல்லூரிகள் அதன்கீழ் போயின. 2007-ல் கோவை, திருச்சி, நெல்லை தனிப் பல்கலைகளாகப் பிரிந்தன. 2010-ல் மதுரை. 2011 செப்டம்பரில் எல்லாவற்றையும் திரும்பச் சேர்க்கும் மசோதா நிறைவேறி, 2012 ஆகஸ்ட் 1 முதல் இணைப்பு. கீழக்குயில்குடியில் இன்று இருப்பது அண்ணா பல்கலையின் மதுரை மண்டல வளாகம்.

பி.இ. படிப்பு நான்கு வருஷம், அந்த மதுரைத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆயுசோ சுமார் இரண்டு. 2010-ல் முதலாண்டு சேர்ந்தவர்கள் முடித்து வெளியே வந்தபோது சேர்ந்த பல்கலையே இல்லை. திருப்பரங்குன்றம் தியாகராசர் பொறியியல் கல்லூரி 1957-ல் தொடங்கியது. அது சென்னைப் பல்கலை, மதுரை காமராசர் பல்கலை, அண்ணா என்று தலைமைகளை மாற்றிப் பார்த்தும் அசையாமல் நிற்கிறது. கல்லூரி நிற்கிறது, பல்கலை கரைகிறது. ஏன்?

ஆசையை இன்னொரு இழையில் எழுதுங்கள். இங்கே சட்டம், நிலம், தேர்வு, பணம், இந்த நான்கும் தெரிந்தவர்கள் விவரமாக எழுதினால் நல்லது.

#2 அரசிதழ்_வாசகன்

ஏன் கரைகிறது என்பதற்குப் பதில் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது. மாநிலப் பட்டியல் 32-வது பதிவைப் பாருங்கள்: பல்கலைக்கழகத்தை நிறுவுவது, ஒழுங்குபடுத்துவது, கலைப்பது, மூன்றும் ஒரே வரியில். எந்தச் சட்டமன்றம் உண்டாக்கியதோ அதே சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் கலைக்கலாம். பூட்டே கிடையாது. மத்தியப் பட்டியல் 66 உயர்கல்வித் தரத்தைப் பற்றியது. பொதுப் பட்டியல் 25 கல்வி. 1976-ன் 42-வது திருத்தத்தில் அங்கே போனது.

நடைமுறை வரிசை: கொள்கை அறிவிப்பு, தனி அலுவலரை நியமிக்கும் அரசாணை, மசோதா, ஆளுநர் ஒப்புதல், அரசிதழில் வெளியீடு, அதன்பிறகு "இந்தச் சட்டம் இன்ன தேதி முதல் நடைமுறைக்கு வருகிறது" என்ற தனி அறிவிக்கை. கடைசியை மறந்துவிட்டால் சட்டம் காகிதத்தில் தூங்கும்.

மசோதாவில் பல் இருக்க வேண்டிய பிரிவுகள் நான்கு. ஒன்று, ஆட்சி எல்லை. "மதுரை மண்டலம்" என்று எழுதக் கூடாது, வருவாய் மாவட்டங்களைப் பெயர் சொல்லி எழுத வேண்டும். மாவட்டம் பிரிந்தால் என்ன என்பதற்கும் ஒரு வரி வேண்டும். இரண்டு, இணைவு மாற்றம்: எந்தத் தேதியில் எந்தக் கல்லூரி கைமாறுகிறது. மூன்று, காப்புப் பிரிவு: ஏற்கெனவே படித்துக்கொண்டிருப்பவர் எந்தப் பல்கலையின் பட்டம் பெறுவார், அரியர் எழுத எத்தனை வருஷம். நான்கு, ஊழியர் பணி மாற்றம்: விருப்பம் தெரிவிக்கும் உரிமை, பணிமூப்பு, ஓய்வூதியப் பொறுப்பு யார் தலையில்.

மூன்றாவதை அலட்சியமாக எழுதினால் நீதிமன்றத்தில்தான் அது முடியும். மதுரையில் 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளையே இருக்கிறது, பேருந்துக் காசுகூட மிச்சம்.

#3 வைகைக்கரை

அரசிதழ் சார், ஏ.ஐ.சி.டி.இ. (தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சில்) அனுமதி எங்கே வருது? யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டத்துல 2(எஃப்), 12(பி)-னு ரெண்டு பிரிவு சொல்றாங்களே, எது முதல்ல?

#4 அரசிதழ்_வாசகன்

மாநிலச் சட்டத்தால் உண்டான பல்கலை யு.ஜி.சி. சட்டத்தின் 2(எஃப்) வரையறைக்குள் தானாக வந்துவிடும். பட்டியலில் பெயர் ஏற வேண்டிய எழுத்து வேலைதான் பாக்கி. பட்டம் வழங்கும் உரிமை 22-வது பிரிவு. 12(பி) வேறு சங்கதி. 1972 ஜூன் 17-க்குப் பிறகு வந்த பல்கலை, தகுதி பெற்றது என்று அறிவிக்கப்பட்டால்தான் மத்திய நிதியுதவி கேட்க முடியும். அதற்குக் கட்டடம், நிரந்தர ஆசிரியர்கள், நடந்துகொண்டிருக்கும் துறைகள் எல்லாம் காட்ட வேண்டும். இணைவுக் கல்லூரிகளின் பட்டியலைக் காட்டினால் போதாது.

ஏ.ஐ.சி.டி.இ.: பல்கலைக்கழகம் தன் சொந்தத் துறையில் தொழில்நுட்பப் பாடம் தொடங்க அதன் முன்அனுமதி தேவையில்லை என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்கு நம் பக்கத்து ஊருடையது, திருச்சி பாரதிதாசன் பல்கலை. ஆனால் தரநெறிகளைப் பின்பற்றத்தான் வேண்டும். இணைவுபெற்ற கல்லூரிகளுக்கு இந்த விலக்கு கிடையாது.

இன்னொரு எச்சரிக்கை. 2005-ல் யஷ்பால் வழக்கில் சத்தீஸ்கரின் தனியார் பல்கலைச் சட்டப் பிரிவுகளை உச்ச நீதிமன்றம் அடித்துப்போட்டது. கட்டடமும் ஆசிரியரும் இல்லாமல் சட்டத்தால் மட்டும் பல்கலையை உண்டாக்க முடியாது என்பது அதன் சாரம். அரசுப் பல்கலைக்கும் இது பாடம்தான்.

#5 டம்மி_நம்பர்

எல்லாரும் கட்டடத்தையும் துணைவேந்தரையும் பேசுகிறீர்கள். புதுப் பல்கலையின் மானம் போவதும் நிற்பதும் தேர்வுப் பிரிவில்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

60 கல்லூரி, கல்லூரிக்குச் சராசரி 800 மாணவர், ஆளுக்கு 6 தாள். ஒரு பருவத்துக்கு 2,88,000 விடைத்தாள். அரியர் கால்பங்கு சேர்த்தால் 3,60,000. ஒருவர் நாளைக்கு 50 தாள் திருத்தினால் 7,200 ஆள்-நாள். 15 நாளில் முடிக்க 480 திருத்துநர் தினமும் உட்கார வேண்டும். இந்த 480 பேரும் அதே 60 கல்லூரிகளிலிருந்துதான் வர வேண்டும். அங்கே அப்போது செய்முறைத் தேர்வு ஓடிக்கொண்டிருக்கும். கல்லூரி முதல்வர் ஆளை விடமாட்டார். ரிசல்ட் தள்ளிப்போவதன் முதல் காரணம் இதுதான், கணினி இல்லை.

அடுத்து வினாத்தாள். 12 கிளை, 8 பருவம், பருவத்துக்கு 6 பாடம் என்றால் 576. பொதுப் பாடங்களைக் கழித்தாலும் பழைய ரெகுலேஷன் (பாடத்திட்ட விதி) அரியரைச் சேர்த்தால் அந்த எண்ணுக்கே திரும்பி வரும், மிஞ்சவும் செய்யும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு செட், எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர். முதல் வருஷமே ஆயிரத்துக்கு மேல் வினாத்தாள் கையில் இருக்க வேண்டும்.

எங்கே சறுக்கும்? பாடக் குறியீட்டில். தாய்ப் பல்கலையான அண்ணாவின் 2013, 2017, 2021 ரெகுலேஷன்களில் ஒரே தலைப்புப் பாடத்துக்கு வேறு வேறு குறியீடு. புதுப் பல்கலை தன் பங்குக்கு இன்னொன்று போடும். தேர்வு அறையில் தலைப்பைப் பார்த்து உறையைப் பிரிப்பார்கள், குறியீடு வேறாக இருக்கும். அன்று மாலை அந்தத் தாளுக்கு மறுதேர்வு அறிவிக்க வேண்டியதுதான். அதனால் பழைய பாடம், புதுப் பாடம், சமநிலை உண்டா இல்லையா என்ற மூன்று பத்தி அட்டவணையைக் கல்விப்பேரவை முதல் கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும். இரண்டாவது கூட்டம் என்று தள்ளினால் அதற்குள் தேர்வு வந்துவிடும்.

#6 நாகமலை

பதிவு எண்ணும் மாறுமே?

#7 டம்மி_நம்பர்

மாற்றக் கூடாது. அண்ணா பல்கலையின் 12 இலக்க எண்ணில் முதல் நான்கு கல்லூரி, அடுத்த இரண்டு சேர்ந்த வருஷம், அடுத்த மூன்று கிளை, கடைசி மூன்று வரிசை எண். 104 என்றால் கம்ப்யூட்டர் சயின்ஸ், 114 என்றால் மெக்கானிக்கல். ஸ்டாஃப் ரூமில் எல்லாருக்கும் மனப்பாடம். படித்துக்கொண்டிருப்பவருக்கு எண் மாறினால் பழைய மதிப்பெண் பட்டியலும் புதியதும் இரண்டு ஆளுடையது போல ஆகிவிடும். நாலு வருஷம் கழித்து வெளிநாட்டுக்கு டிரான்ஸ்கிரிப்ட் கேட்கும்போதும், கம்பெனி உண்மைத்தன்மைச் சான்று கேட்கும்போதும் பல்லைப் பிடுங்கும். புது எண் புதிதாகச் சேர்கிறவருக்கு மட்டும்.

திருத்தும் முகாம் பற்றி ஒரு வார்த்தை. கட்டு வந்ததும் முதலில் வராதோர் பட்டியலோடு எண்ணிப் பார்க்க வேண்டும். 30 தாள் என்று மேலே எழுதி உள்ளே 29 இருந்தால் அங்கேயே நிறுத்தி, தேர்வு மையத்தோடு பேசித் தீர்த்துவிட்டுத்தான், பதிவு எண்ணை மறைக்கும் டம்மி எண் போட வேண்டும். டம்மி போட்டபின் கண்டுபிடித்தால் அந்தக் கட்டு முழுவதையும் பிரித்துத் திரும்ப எண்ண வேண்டிவரும். "ரிசல்ட் வித்ஹெல்ட்" என்று வருவதில் ஒரு பங்கு இந்தச் சோம்பேறித்தனம்தான்.

#8 வைகைக்கரை

இவ்வளவு சிக்கல்னா பிரிக்கவே வேணாமே. கர்நாடகாவுல பெலகாவியில 1998-ல வி.டி.யு. (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலை) வந்துச்சு. அவங்க பெங்களூரு, கலபுரகி, மைசூருனு மண்டல மையம் வச்சு ஒரே பல்கலையா ஓட்டுறாங்க. கேரளாவும் 2014-ல ஒண்ணேதான் போட்டாங்க. ஆந்திரா மட்டும் 1972-ல வந்த ஜே.என்.டி.யு.வை (ஜவஹர்லால் நேரு தொழில்நுட்பப் பல்கலை) 2008-ல ஹைதராபாத், காக்கிநாடா, அனந்தபூர்னு பிரிச்சது. அங்கயும் பேரை விடல. பேரு முக்கியம் சார். "அண்ணா யுனிவர்சிட்டி"ங்கிற பேருக்காகவே கவுன்சிலிங்ல கல்லூரி தேர்ந்தெடுக்கிற குடும்பம் உசிலம்பட்டியிலயும் இருக்கு, பரமக்குடியிலயும் இருக்கு.

#9 அரசிதழ்_வாசகன்

பெயர் வாதம் சரி. 2010-ல் ஒரே நேரத்தில் சென்னை, கோவை, திருச்சி, நெல்லை, மதுரை என ஐந்து "அண்ணா தொழில்நுட்பப் பல்கலை", தலைக்கு மேல் இன்னொரு அண்ணா பல்கலை. வெளிமாநில நிறுவனத்துக்கு எது எது என்று புரியவே இல்லை. ஒன்று பழைய பெயர் வேண்டும், இல்லையேல் அடியோடு வேறு பெயர். பாதிப் பெயர் வைப்பது இரண்டும் கெட்டான்.

ஆனால் மண்டல மையத்துக்கு அதிகாரம் கொடுத்தால் போதும் என்பதை நம்பாதீர்கள். அதிகாரம் ஆட்சிக்குழுத் தீர்மானத்தில் வந்தால் அடுத்த தீர்மானத்தில் போகும். சட்டத்திலேயே "மதுரை மண்டலத்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு, தனித் தேர்வு இணைக் கட்டுப்பாட்டு அலுவலர்" என்று எழுதினால்தான் நிற்கும்.

#10 காசுக்கணக்கு

பணம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஐந்து துறை, துறைக்கு 60 இடம், நாலு வருஷம் நிறைந்தால் 1,200 மாணவர். ஏ.ஐ.சி.டி.இ. கணக்கு 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர், 60 ஆசிரியர். பேராசிரியர், இணை, உதவி என்ற 1:2:6 விகிதத்தில் பிரித்தால் 7, 13, 40. ஏழாவது ஊதியக் குழுவின் தொடக்க அடிப்படைச் சம்பளம் முறையே 1,44,200, 1,31,400, 57,700. பெருக்கிக் கூட்டினால் மாதம் சுமார் 50.26 லட்சம், வருஷம் 6 கோடி. இது அடிப்படை மட்டும். அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, ஆசிரியரல்லாத பணியாளர், மின்கட்டணம், ஆய்வகம் எல்லாம் தனி.

இதை எங்கிருந்து எடுப்பது? புதுப் பல்கலைகள் எல்லாம் பிடிக்கும் சுலப வழி இணைவுக் கட்டணமும் தேர்வுக் கட்டணமும். அங்கேதான் கோளாறு. கல்லூரியைச் சோதிக்கப் போகிற கையும் கட்டணம் வாங்குகிற கையும் ஒன்று. கல்லூரி மூடினால் வருமானம் போகும், அதனால் ஆய்வுக்குழு கண்ணை மூடும். 2024 ஜூலையில் ஒரே ஆசிரியர் பெயர் பல கல்லூரிகளின் பட்டியலில் இருந்தது வெளியே வந்ததே, அந்த நோயின் வேர் இதுவும்தான். மாணவர் எண்ணிக்கை இறங்கும் வருஷத்தில் சம்பளமே ஆடும்.

என் கணக்கில் நிரந்தர ஆசிரியர் சம்பளம் முழுவதும் அரசு மொத்தமாகத் தரும் தொகுப்பு நல்கையிலிருந்து வர வேண்டும். தேர்வுக் கட்டணம் தேர்வுக்கே. ஓய்வூதியத்துக்குத் தனி நிதியம், முதல் மாதத்திலிருந்தே. "பின்னால் பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்ட பல்கலைகளில் முப்பது வருஷம் கழித்து ஓய்வூதியமே சம்பளத்தை விழுங்குகிறது. உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை எழுப்பும் தடைகளுக்கு வருஷா வருஷம் பதில் எழுதாமல் குவித்துவைத்தால் அரசு அதையே காட்டி நல்கையை நிறுத்தும்.

#11 திருநகர்_பஸ்ஸ்டாப்

60 ஆசிரியரையும் ஒரே நாளில் எடுக்கணுமா?

#12 காசுக்கணக்கு

கூடாது, தம்பி. முதல் வருஷம் 60 பேர் கொண்ட 5 பிரிவாகக் கணக்கு போடுங்கள்: 300 மாணவர், 15 ஆசிரியர். ஆனால் அந்த 15-ல் பேராசிரியர் 5 பேரை எடுத்துவிடுங்கள், துறைக்கு ஒருவர். பாடத்திட்டம், ஆய்வகக் கொள்முதல், ஆள் தேர்வு மூன்றுக்கும் அவர்கள் வேண்டும். வழக்கத்தில் இது தலைகீழாக நடக்கும். தொகுப்பூதியத்தில் உதவிப் பேராசிரியர்களைச் சேர்த்து ஓட்டிவிட்டு, பேராசிரியர் இடம் வருஷக்கணக்கில் காலியாகக் கிடக்கும். பிஎச்.டி. வழிகாட்டி இல்லை, ஆராய்ச்சித் திட்ட நிதி இல்லை, தொகுப்பூதியக்காரர்கள் நிரந்தரம் கேட்டு வழக்கு. மூன்றும் சேர்ந்து வரும்.

 

#13 புல_எண்

நிலம். மதுரையைச் சுற்றி 100 ஏக்கர் ஒரே துண்டாக அரசு நிலம் என்று யாராவது வரைபடத்தைக் காட்டினால் உடனே நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டை (கிராம வருவாய்ப் பதிவேடு) கேளுங்கள். வரைபடத்தில் தரிசு மாதிரி தெரிவது பதிவேட்டில் கண்மாய், ஊருணி, வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு, பஞ்சமி இப்படி ஏதாவது ஒன்றாக இருக்கும்.

கண்மாய் என்றால் கையை எடுத்துவிடுங்கள். 2007-ல் ஏரிகள் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. தண்ணீர் இல்லை, வறண்டு கிடக்கிறது என்ற வாதம் எடுபடாது. மேய்க்கால் என்றால் ஊர் எதிர்க்கும். ஊர்ப் பொதுநிலத்தைக் காக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2011-ல் ஜக்பால் சிங் வழக்கில் தந்த தீர்ப்பு அவர்கள் கையில் இருக்கிறது. பஞ்சமி நிலம் தலித் மக்களுக்கு ஒதுக்கியது, வேறு வேலைக்குத் திருப்பக் கூடாதது, அதைத் தொடவே வேண்டாம். தனியார் பட்டா நிலத்தை எடுத்தால் 2013 சட்டப்படி சந்தை மதிப்பின் மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை.

மதுரைக்கே உரிய இன்னொரு முடிச்சு: மலை. கீழக்குயில்குடி சமணர் மலையைப் போலத் தொல்லியல் துறை பாதுகாக்கும் குன்றுகள் நகரைச் சுற்றி எத்தனையோ. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடமே கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்க வேண்டும். சர்வேயர் அளக்கும்போது மலையின் அடிவாரத்திலிருந்து அளப்பார், சட்டமோ பாதுகாக்கப்பட்ட பரப்பின் எல்லையிலிருந்து என்கிறது. புலப்படத்தில் அந்த எல்லையைக் குறித்து வாங்காமல் அடிக்கல் நாட்டினால் விடுதிக் கட்டடம் பாதியில் நிற்கும்.

கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தாண்டினால் சுற்றுச்சூழல் அனுமதியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரிக்கு விலக்கு என்ற பழைய நினைப்பு இனி வேண்டாம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை நீக்கிவிட்டது.

#14 திருநகர்_பஸ்ஸ்டாப்

தண்ணி?

#15 புல_எண்

நல்ல கேள்வி, ஒரே சொல்லில் கேட்டுவிட்டீர்கள். விடுதி மாணவருக்கு நாளைக்கு 135 லிட்டர், வந்துபோகிறவருக்கு 45 லிட்டர் என்பது கணக்கு. 800 பேர் விடுதி, 400 பேர் வெளியே என்றால் 1,08,000 கூட்டல் 18,000, மொத்தம் 1,26,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரி என்றால் பத்து நடைக்கு மேல். பாறை நிலத்தில் போர் போட்டு இதை எடுக்க முடியாது. கோடையில் பாதி போர் காற்றுதான் விடும். கூட்டுக் குடிநீர்த் திட்ட இணைப்பு உறுதிக் கடிதம் கைக்கு வந்தபின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் மரங்களுக்கும் திருப்பினால் தேவையில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். அதற்கு இரட்டைக் குழாய் வேண்டும். கட்டி முடித்த சுவரை உடைத்து அதைப் போட எந்த ஒப்பந்ததாரரும் வரமாட்டார்.

#16 விருதுநகர்_லேத்

எல்லாம் சரி, அந்த ஐந்து துறை எது? மறுபடியும் சிவில், மெக்கானிக்கல், ஈ.ஈ.ஈ., ஈ.சி.ஈ., சி.எஸ். என்றால் பல்கலையே வேண்டாம், இருக்கிற கல்லூரிகள் போதும்.

இந்த வட்டாரத்தில் கைவசம் இருக்கும் தொழிலைப் பாருங்கள். சிவகாசியில் அச்சு. ராஜபாளையத்தில் பஞ்சாலை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனைக்காக 1992-ல் தொடங்கிய ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்கிறது. அதற்கு மருத்துவக் கருவிப் பொறியாளர் வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து வந்தது. மின்கலம் படிக்க இதைவிட நல்ல அண்டைவீடு கிடைக்குமா?

அச்சும் பொதிகையும், துணிநூல், மருத்துவக் கருவி, மின்கலமும் சூரிய மின்சாரமும், கண்மாய் நீர் மேலாண்மை. இந்த ஐந்தும் இருந்தால் அதைக் கலைக்க எவருக்கும் கை வராது, அந்தத் துறைகள் இந்த வட்டாரத் தொழிலோடு பிணைந்தவை ஆயிற்றே.

#17 வைகைக்கரை

லேத் அண்ணே, கேக்க நல்லா இருக்கு. கவுன்சிலிங்ல அச்சுத் தொழில்நுட்பத்தை யார் எடுப்பா? முதல் ரவுண்டுல சி.எஸ். காலியாகும், கடைசி ரவுண்டு வரைக்கும் இது கிடக்கும்.

#18 விருதுநகர்_லேத்

60 இடம் வைத்தால் கிடக்கும். 30 வையுங்கள். கடைசி இரண்டு பருவத்தை ஆலையிலேயே வைத்து உதவித்தொகையோடு கொடுத்தால் 30 பேர் வருவார்கள். இன்னொன்று, எம்.டெக்.கிலிருந்து தொடங்குங்கள், பி.இ.யை மூன்றாம் வருஷம் சேருங்கள். ஆய்வகம் முதுகலைக்காக வந்துவிடும், இளங்கலைக்கு அது தயாராக இருக்கும். தலைகீழாகப் போனால் இளங்கலை முதலாண்டு ஆய்வகத்திலேயே காசு தீரும்.

பொதிகை என்று எழுதிவிட்டேன், பொதியல் என்று படிக்கவும். பேக்கேஜிங்.

#19 நாகமலை

பொதிகை மலை தென்காசிப் பக்கம், அதை இங்கே இழுக்க வேண்டாம் :)

இதுவரை வந்ததில் நான் பிடித்துக்கொண்டது: 2010-ல் கல்லூரிப் பட்டியல் முதலில் கைக்கு வந்தது, சொந்தத் துறைகள் பின்னால். மறுபடி வந்தால் முறை மாற வேண்டும். முதல் ஐந்து வருஷம் இணைவே வேண்டாம். வளாகத் துறைகள், திண்டுக்கல் ரெட்டியார்சத்திரத்திலும் ராமநாதபுரத்திலும் அண்ணா பல்கலையே நடத்தும் உறுப்புக் கல்லூரிகள், அவ்வளவுதான். 60 கல்லூரியின் 3,60,000 விடைத்தாள் வேண்டாம். மூன்று வளாகத்தின் தாள்களைத் திருத்திப் பழகட்டும். அரசிதழ் சார், சட்டத்தில் இப்படி எழுத முடியுமா?

#20 அரசிதழ்_வாசகன்

முடியும். சட்டத்தில் இணைவு அதிகாரத்தைக் கொடுத்துவிட்டு, அந்தப் பிரிவை மட்டும் "பின்னர் அறிவிக்கப்படும் தேதி முதல்" என்று நிறுத்திவைக்கலாம். ஆனால் நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள்: அனுமதிக்கப்பட்ட பேராசிரியர் பணியிடங்களில் நான்கில் மூன்று பங்கு நிரம்பி, 12(பி) தகுதி கிடைத்தபின்தான் அந்த அறிவிக்கை வெளியிடலாம் என்று. வெறும் தேதி போட்டால் முதல் பட்ஜெட் நெருக்கடியிலேயே அந்தத் தேதி வந்துவிடும்.

#21 டம்மி_நம்பர்

அப்படியென்றால் சமநிலை அட்டவணையிலும் ஒரு வரி. உறுப்புக் கல்லூரிகளில் அப்போது இரண்டாம் வருஷத்துக்கு மேல் படிப்பவர்கள் அண்ணா பல்கலையின் பட்டத்தோடே முடிக்கட்டும், முதலாண்டிலிருந்து மட்டும் புதுப் பல்கலை. மூன்று வருஷம் ஒரே கட்டடத்தில் இரண்டு பல்கலையின் தேர்வு நடக்கும். இரண்டு அட்டவணையிலும் ஒரே நாள் காலை ஒரே அறை விழாமல் பார்த்துக்கொள்ள ஒரே தேர்வுக் கண்காணிப்பாளரை வையுங்கள். விடைத்தாள் புத்தகத்தின் மேலட்டை நிறமும் வேறாக இருக்கட்டும். இரண்டும் வெள்ளையாக இருந்தால் கட்டு மாறி, ஒன்று சென்னைக்குப் போய் நிற்கும்.